பெரிய பாரும் ஒரு பேராசிரியரும்

காலநிலை மாற்றத்துக்குத் தீர்வாக வரும் காற்றாலைகளை மன்னார் மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று கொழும்பு நண்பர்கள் கேட்கும்போது, வில்லியம் ஹெர்ட்மனின் கதையைத்தான் நான் சொல்வது வழக்கம்.

ஹெர்ட்மன் 1858இல் எடின்பரோவில் பிறந்தவர். லிவர்பூலில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியர். ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவில் கடல் ஆய்வு நிலையம் அமைத்தவர். 1891க்குப் பிறகு மன்னார்க் கடலில் பத்தாண்டுகளுக்கு மேல் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. வருமானம் போன கவலையில் காலனி அரசு அவரை அழைத்தது. 1902 ஜனவரியில் வந்தார். சில மாதங்களில் திரும்பிவிட்டார். உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார்.

சிப்பி குறைந்ததற்கு அளவுக்கு மீறிக் குளித்தது முக்கிய காரணமல்ல என்றார் ஹெர்ட்மன். பெரிய பாரில் குஞ்சுச் சிப்பி கூட்டங்கூட்டமாகத் தோன்றும். சோழகம் பெயர்ந்தால் நீரோட்டமும் மணலும் அவற்றை அழித்துவிடும். மீன்களும் தின்னும். குஞ்சுகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றலாம் என்பது அவருடைய யோசனை. 'பார்' என்ற நம் கடற்காரரின் சொல் அவருடைய அறிக்கையில் அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் ஐந்து தொகுதிகளாக 1903 முதல் 1906 வரை வெளிவந்த அந்த அறிக்கையை மன்னாரில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

இதற்கிடையில் 1903இல் சிப்பி திரும்பியது. 1905இல் அமோகம். அடுத்த ஆண்டே அரசு பார்களை லண்டன் கம்பனி ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,10,000 ரூபாவுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப மாறும் கடல் என்பது அறிவியல் சொன்ன செய்தி. நிலையான வருமானம் என்பது பங்கு வாங்கியவர்கள் கேட்ட செய்தி. நிபுணரின் நம்பிக்கை காற்றில் வேகமாகப் பரவும், அவருடைய எச்சரிக்கை அறிக்கைக்குள்ளேயே கிடக்கும். 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. கம்பனி கலைந்தது.

2020இல் தம்பபவனி காற்றாலை மன்னார்த் தீவில் திறக்கப்பட்டது. 2025இல் மேலும் காற்றாலைகள் வேண்டாமென்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். வெள்ளம் வடியாததையும் மீன் குறைந்ததையும் அவர்கள் சொன்னார்கள். அதிகாரிகள் மெகாவாட் சொன்னார்கள். மக்களுக்கு விளக்கம் போதாது என்று இதைப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளக்கம் ஒரே திசையில் போகிறது.

ஹெர்ட்மன் 1920இல் பிரித்தானிய அறிவியல் சங்கத்தின் தலைவரானார். ஒரே மகனை 1916இல் போரில் இழந்திருந்தார். 1924இல் காலமானார். மறு ஆண்டு மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது.