யட்சபுரியும் மகிழங்கன்றும்

பங்காருப்பேட்டையிலிருந்து ரயிலில் கோலார் தங்கவயலுக்குச் செல்பவர்கள் அங்கே தங்கத்தைக் காண்பதில்லை. வெளிறிய பெரும் மேடுகளையே காண்கிறார்கள். பாறையை அரைத்துப் பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய சயனைடு கலந்த மண் அங்கே குன்று குன்றாகக் குவிந்திருக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கிய சுரங்கப்பணி 2001 பிப்ரவரி 28-இல் நிறுத்தப்பட்டது. அந்த 120 ஆண்டுகளில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை மனிதர் இறங்கி, 800 டன்னுக்கு மேற்பட்ட பொன்னை வெளியே கொணர்ந்தனர். இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற நம் தமிழ்மக்கள். அவர்களுடைய பேரக்குழந்தைகளும் கொள்ளுப்பேரக்குழந்தைகளும் இன்று அந்த மேடுகளின் அடிவாரத்தில் வளர்கிறார்கள். காற்று வீசும் நாட்களில் அந்தத் தூசு வீட்டுக்குள்ளும் வந்து படிகிறது.

இத்தகைய மண்ணில் வளரும் குழந்தைக்குப் பூமித்தாயிடம் நன்றி பாராட்டக் கற்பிப்பது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை தேடும்போது, பொன் தோண்டும் ஓர் ஊரையே களமாக வைத்து நாடகம் எழுதிய கவி ஒருவரின் வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. அவரே ரவீந்திரநாத் தாகூர்.

1923-இல் ஷில்லாங்கில் தங்கியிருந்தபோது அவர் எழுதிய ‘ரக்தகரபி’யில் வரும் ஊரின் பெயர் யட்சபுரி. அங்கே சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பெயர் இல்லை, எண்கள்தாம் உண்டு. தொலைவிலிருந்து அறுவடைப் பாட்டு கேட்கும். ஆனால் அதற்குச் செவிசாய்க்க அவர்களுக்கு நேரமில்லை. அந்த ஊரில் கிஷோர் என்னும் சிறுவன், குப்பைக்குவியலின் பின்னால் மறைந்து வளரும் ஒரே ஒரு செவ்வரளிச் செடியைக் கண்டுபிடிக்கிறான். தண்டனைக்கு அஞ்சாமல் நாள்தோறும் அதன் மலர்களைப் பறித்துவந்து நந்தினி என்னும் பெண்ணிடம் சேர்க்கிறான். நாடகத்தின் பெயரே அந்தச் செவ்வரளிதான். கோலாரின் மேடுகளைக் கண்ட எவருக்கும் அந்தக் காட்சி கற்பனையாகத் தோன்றாது.

தாகூர் 1861 மே 7-இல் கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைதான். ஆயினும் இளமையில் அவர் வேலைக்காரர்களின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தார். அவர்களுள் ஒருவன் சிறுவனை ஓரிடத்தில் அமர்த்தி, சுற்றிலும் சாக்கட்டியால் கோடு கிழித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்த கதியை ராமாயணத்தில் கேட்டறிந்திருந்த குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கும். சன்னலுக்குக் கீழே ஒரு குளமும் அதன் கரையில் ஓர் ஆலமரமும் இருந்தன. குளிக்க வருபவர்களையும் ஆலின் விழுதுகளுக்கிடையே படியும் நிழலையும் பார்த்துக்கொண்டே பகற்பொழுது முழுவதும் கழியும். அடைபட்ட குழந்தைக்கு அந்த மரமே துணை. பின்னாளில் அவர் அமைத்த பள்ளிக்குச் சுவர்கள் இல்லாமற்போனதன் காரணத்தை அறிய, இந்தச் சாக்கட்டிக் கோட்டை நாம் மறந்துவிடக் கூடாது. அவர் சேர்ந்த பள்ளிகளும் வேறு வகைக் கோடுகளாகவே இருந்தன. ஒன்றிலும் அவர் நிலைக்கவில்லை.

1873-இல் உபநயனம் நடந்தது. மழித்த தலையோடு பள்ளிக்குச் செல்லக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளையைத் தந்தை மகரிஷி தேவேந்திரநாதர் இமயமலைப் பயணத்திற்கு உடன் அழைத்துச் சென்றார். முதலில் போல்பூரில் தங்கினர். பத்தாண்டுகளுக்கு முன்பு அங்கே 20 பிகா நிலத்தைப் பெற்று, ஏழிலைப்பாலை மரத்தடியில் தியானம் செய்துவந்தார் மகரிஷி. சாந்திநிகேதனம் என்ற பெயர் அந்த இடத்திற்குரியது. சிறுவன் செம்மண் ஓடைகளில் அலைந்து, வழவழப்பான கூழாங்கற்களை மடி நிறையப் பொறுக்கிவருவான். தந்தை அவற்றை அற்பமென்று ஒதுக்கவில்லை. அருகிலிருந்த மண்மேட்டை அவற்றால் அலங்கரிக்கும்படி ஊக்கினார். ஒரு நாள் சிறுவன் சிறிய ஊற்று ஒன்றைக் கண்டு ஓடிவந்து சொன்னான். அதிலிருந்தே நீர் கொண்டுவர ஏற்பாடு செய்தார். பின்பு டல்ஹௌசி மலையில், விடியுமுன் எழுப்பி வடமொழி இலக்கணம் சொல்லிக்கொடுப்பார். சூரியன் உதிக்கும் வேளையில் மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு உபநிடதம் ஓதுவார். எதையும் விளக்கியதாகத் தெரியவில்லை. பக்கத்தில் நிற்கவைத்தார், அவ்வளவே.

அந்த நிற்றலே 28 ஆண்டுகளுக்குப் பின் ஒரு கல்விமுறையாயிற்று எனலாம். 1901 டிசம்பர் 22-இல், ஐந்து மாணவர்களுடன் சாந்திநிகேதனத்தில் பிரம்மசரிய ஆசிரமப் பள்ளி தொடங்கியது. பணமுடை கடுமையாக இருந்தது. மனைவி மிருணாளினி தேவியார் தம் நகைகளைத் தந்து உதவினார். தொடக்க ஆண்டுகளில் சாதி வேற்றுமைகளும் அங்கே இடம்பெற்றிருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. கவிஞர் பின்னர் அவற்றைக் கடந்து வந்தார். பிள்ளைகள் வைகறையில் எழுந்து, இடத்தைத் துப்புரவு செய்து நீராடுவர். பின்பு ஒவ்வொருவரும் தத்தம் ஆசனத்துடன் வெட்டவெளியில் அமர்ந்து 15 நிமிடம் மௌனம் காப்பர். மாலையிலும் அவ்வாறே. அந்நேரத்தில் எந்த உபதேசமும் இல்லை. எதைத் தியானிக்க வேண்டும் என்ற கட்டளையும் இல்லை. பிள்ளைகள் இறைவனை எண்ணாமல் மரத்திலேறும் அணிலைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதைக் கவிஞர் அறிந்தே இருந்தார். அதை ஒப்புக்கொண்டு எழுதியும் இருக்கிறார். அசையாதிருக்கப் பழகுவதே போதும் என்பது அவர் கருத்து. குழந்தைகளைக் கண்மூடச் சொல்லிவிட்டு, மூடினார்களா என்று நாம் கண்திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு கால்மணி நேரம் அணிலைப் பார்ப்பதும் ஒருமுகப்பாடுதான் என்று கொள்ளும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

பள்ளி தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள், 1902 நவம்பர் 23-இல் மிருணாளினி தேவியார் மறைந்தார். அடுத்த ஆண்டு மகள் ரேணுகாவும், 1905-இல் மகரிஷியும் மறைந்தனர். எஞ்சிய பிள்ளைகளுள் இளையவன் சமீந்திரன். 1907-ஆம் ஆண்டு வசந்த பஞ்சமியன்று அந்தப் பத்து வயதுச் சிறுவன் தன் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு பருவங்களின் வேடம் புனைந்து ஒரு விழா எடுத்தான். சாந்திநிகேதனத்தின் புகழ்பெற்ற பருவ விழாக்களின் முதல் வித்து அதுவே. பெரியோர் வகுத்துக் கொடுத்த சடங்கன்று. மரத்தடியில் வளர்ந்த குழந்தை தானாகவே வசந்தத்தை வரவேற்றது. அதே ஆண்டு விடுமுறைக்கு முங்கேர் சென்ற சமீந்திரன் காலராவால் மாண்டான். அன்றும் நவம்பர் 23. தாய் மறைந்த அதே நாள். தந்தை சென்று சேர்ந்தும் காப்பாற்ற இயலவில்லை. ரயிலில் திரும்பும் வழியில், வானமெங்கும் நிலவொளி நிறைந்திருந்ததையும் அதில் எதுவும் குறைந்துபோனதாகத் தோன்றவில்லை என்பதையும் பல ஆண்டுகள் கழித்துத் தம் மகள் மீராவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் நினைவுகூர்ந்தார். மீரா அப்போது தம் ஒரே மகனை இழந்திருந்தார்.

மகன் விட்டுச்சென்ற விழாவைத் தந்தை கைவிடவில்லை. மறு ஆண்டே பள்ளிப்பிள்ளைகள் நடிப்பதற்காக ‘சாரதோத்சவம்’ என்னும் நாடகத்தை எழுதினார். இலையுதிர்காலம் தொடங்கும் விடுமுறை நாளில் எல்லாப் பிள்ளைகளும் விளையாட, உபநந்தன் என்னும் சிறுவன் மட்டும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஏடு படியெடுத்துக்கொண்டிருக்கிறான். இறந்துபோன தன் குருவின் கடனை அடைப்பதற்காக அந்த உழைப்பு. துறவி வேடத்தில் வந்த அரசர் அவன் முகத்தில் துலங்கும் மகிழ்ச்சியைக் கண்டு, தாமும் அவனருகில் அமர்ந்து ஏடெழுதத் தொடங்குகிறார். வயலில் முற்றும் கதிரும் நிறைந்தோடும் ஆறும் தாம் பெற்றதைத் திருப்பித் தருகின்றன. அதனால்தான் அவை அழகாயிருக்கின்றன என்பதே நாடகத்தின் உட்பொருள். 1921-இல் இதையே திருத்தி, கடன் தீர்த்தல் என்று பொருள்படும் ‘ருணசோதம்’ என்ற பெயரில் வெளியிட்டார். நம் மொழியில் கடன் என்ற ஒரே சொல் பெற்றதையும் குறிக்கும், செய்ய வேண்டியதையும் குறிக்கும். நன்றிக்கடன், நேர்த்திக்கடன் என்று நாம் சொல்வதில் அந்நாடகம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சாந்திநிகேதனத்தைச் சூழ்ந்த நிலம் காடழிந்து, மழைநீரால் அரிக்கப்பட்டு, செஞ்சரளை ஓடைகளாகப் பிளந்துகிடந்தது. பிள்ளைப்பருவத்தில் அவர் கூழாங்கல் பொறுக்கிய அதே ஓடைகள்தாம்! மனிதனின் பேராசை மண்ணை அம்மணமாக்கிவிட்டது என்பதை முதுமையில் அவர் வெளிப்படையாகவே பேசினார். பேசியதோடு நில்லாமல், 1928 ஜூலையில் ‘விருட்சரோபணம்’ என்னும் மரம் நடுவிழாவைத் தொடங்கினார். அன்று நட்டது ஒரு மகிழங்கன்று. அலங்கரித்த பல்லக்கில், மணப்பெண்ணை அழைத்துவருவதுபோல், பாட்டும் சங்கொலியுமாக அக்கன்றைக் கொண்டுவந்தனர். மண், நீர், தீ, காற்று, வானம் என ஐந்து பிள்ளைகள் ஐம்பூத வேடம் பூண்டு நின்றனர். ஒவ்வொரு பூதத்தின் பெயராலும் கன்றுக்கு வாழ்த்துரைக்கப்பட்டது. தீயாக நின்ற குழந்தை வெப்பமளிக்கவும் நீராக நின்ற குழந்தை ஈரமளிக்கவும் கடமைப்பட்டதாக உணர்ந்திருக்கும் அல்லவா? அதையடுத்து அண்மையிலுள்ள ஸ்ரீநிகேதனத்தில் ‘ஹலகர்ஷணம்’ என்னும் ஏர்மங்கல விழா நடைபெற்றது. விதுசேகர சாஸ்திரியார் வடமொழி மந்திரங்கள் ஓத, 67 வயதுக் கவிஞர் தாமே ஏர்பிடித்தார். அக்காட்சியை நந்தலால் போஸ் ஸ்ரீநிகேதனச் சுவரில் ஓவியமாகத் தீட்டினார்.

1941 ஆகஸ்ட் 7-இல் தாகூர் காலமானார். சாக்கட்டிக் கோட்டுக்குள் அமர்ந்திருந்த அதே ஜோராசாங்கோ இல்லத்திலேயே உயிர் பிரிந்தது. வங்க நாட்காட்டியில் அது சிராவணம் 22; நம் கணக்கில் ஆடி மாதம். அவர் மறைவுக்குப் பின் மரம் நடுவிழா அந்த நாளுக்கே மாற்றப்பட்டது. காவிரிக்கரையில் நம் குழந்தைகள் பதினெட்டாம் பெருக்குக்கு முளைப்பாலிகையை ஆற்றில் விட்டு நான்கைந்து நாட்கள் கழியும்போது, சாந்திநிகேதனத்தின் பிள்ளைகள் ஒரு மரக்கன்றைப் பல்லக்கில் ஏற்றித் தூக்கி வருகிறார்கள்.