குறி மட்டும் போதுமா? தோட்டாவையும் தேர்ந்தெடுத்து ஜெயித்த ஆனி ஓக்லி!

1887, லண்டன். அமெரிக்காவின் பிரபல துப்பாக்கி வீராங்கனை ஒருவர், வேகமாகப் பறக்கும் புறாக்களைச் சுடும் பயிற்சிக்கு வந்து நின்றார். காற்றில் வீசிய கண்ணாடி உருண்டைகளை வரிசையாக உடைத்துப் பெயர் வாங்கியவர். ஆனா அன்று பெரும்பாலான புறாக்கள் தப்பிவிட்டன. கண்ணில் கோளாறு இல்லை, கையும் நடுங்கவில்லை. அப்புறம் எங்கே பிரச்னை? கையில் இருந்த துப்பாக்கியில்!

அவர்தான் ஆனி ஓக்லி. குறி தவறாத பெண் என்று உலகம் அவரைக் கொண்டாடியது. அந்தக் குறிக்குப் பின்னால் எந்தத் துப்பாக்கி, எவ்வளவு மருந்து, எந்த அளவு குண்டு என்ற கணக்கும் இருந்தது. அது பலருக்கும் தெரியாத கதை.

யார் இந்த ஆனி ஓக்லி?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், டார்க் மாவட்டத்தில் 1860-ல் பிறந்தவர். இயற்பெயர் ஃபீபி ஆன். 1866-ல் அப்பா இறந்துபோக, குடும்பம் வறுமையில் விழுந்தது. 10 வயதை ஒட்டி, ஆதரவற்றோர் தங்கும் மாவட்ட இல்லத்தில் அவரைச் சேர்த்தார்கள். அங்கிருந்து ஒரு குடும்பம் வீட்டு வேலைக்கு அழைத்துப் போனது. அடி, பசி, ஓயாத வேலை. கடைசிவரை அந்தக் குடும்பத்தின் பெயரை ஆனி வெளியே சொல்லவே இல்லை. ஓநாய்கள் என்று மட்டும் குறிப்பிட்டார். ஒருநாள் அங்கிருந்து தப்பி ஓடினார்.

பசிதான் முதல் பயிற்சியாளர்

வீடு திரும்பியதும் அப்பாவின் பழைய துப்பாக்கியைக் கையில் எடுத்தார். காடை, காட்டுக்கோழி வகைப் பறவைகள், முயல் ஆகியவற்றைச் சுட்டு, பக்கத்து ஊரான கிரீன்வில்லில் ஒரு மளிகைக் கடைக்கு விற்றார். அங்கிருந்து அவை சின்சினாட்டி நகர ஹோட்டல்களுக்குப் போயின. உடம்பில் குண்டு துளைக்காத பறவைக்குத்தான் ஹோட்டலில் மவுசு. சாப்பிடுகிறவர் பல்லில் ஈயம் மாட்டினால் யார் திரும்ப வருவார்கள்? அதனால் தலையைப் பார்த்துச் சுட்டார் என்று சொல்வார்கள்.

அது குழல் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு இடிக்கிற காலம். ரெடிமேட் தோட்டா எல்லாம் அந்தத் துப்பாக்கிக்கு இல்லை. மருந்து கூடினால் தோள்பட்டை வலிக்கும், கறி சிதையும். குறைந்தால் பறவை பறந்துவிடும், ராத்திரிக்கு அடுப்பும் எரியாது. ஒவ்வொரு தடவையும் அளவைத் தானே முடிவு செய்ய வேண்டும். இப்படிச் சம்பாதித்த காசில் 15 வயதிலேயே அம்மாவின் வீட்டுக் கடனை அடைத்தார் என்கிறது அவரது வாழ்க்கைக் கதை.

போட்டியில் தோற்றவரே கணவர்!

ஊர் ஊராகப் போய் சவால் விட்டுச் சுடும் ஃபிராங்க் பட்லருடன் ஒரு போட்டி. நடந்தது 1875-லா, 1881-லா என்று இன்னும் விவாதம் ஓடுகிறது. முடிவில் மட்டும் சந்தேகமில்லை, பட்லர் தோற்றார். பிறகு அவரையே கல்யாணம் செய்துகொண்டார். மனைவிதான் கெட்டிக்காரி என்பதைப் புரிந்துகொண்டு, மேடையிலிருந்து ஒதுங்கி அவரது மேனேஜரானார். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்.

1885-ல் பஃபலோ பில்லின் வைல்ட் வெஸ்ட் நிகழ்ச்சியில் இருவரும் சேர்ந்தார்கள். லகோட்டா பழங்குடித் தலைவர் சிட்டிங் புல், ஆனியை மகளாகவே ஏற்றுக்கொண்டு, குறி தவறாத சின்னப்பெண் என்ற பொருளில் பட்டப்பெயரும் கொடுத்தார். ஆனியின் உயரம் வெறும் 5 அடிதான்.

ஷாட்கன் எப்படி வேலை செய்கிறது?

ரைஃபிளில் போவது ஒற்றைக் குண்டு. ஷாட்கனில் ஒரே தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான சின்ன ஈயக் குண்டுகள் கூட்டமாகப் பறக்கும். பறக்கிற இலக்குக்கு இதுதான் சரி. ரைஃபிள் குண்டு குறி தப்பினால் வெகுதூரம் போய் யாரையாவது பதம் பார்க்கலாம். சின்னக் குண்டுகள் சில நூறு மீட்டருக்குள் வேகம் இழந்து விழுந்துவிடும். சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் இது உயிர் காக்கும் வித்தியாசம்.

முடிவு செய்ய வேண்டியவை மூன்று:

குண்டின் அளவு: எண் கூடக் கூட குண்டு சின்னதாகும். 8-ம் எண் குண்டின் விட்டம் சுமார் 2.3 மி.மீ., 4-ம் எண் சுமார் 3.3 மி.மீ. காடைக்குச் சின்னது போதும். பெரிய பறவைக்குப் பெரியது வேண்டும்.

மருந்து: பழைய கரிமருந்து புகையைக் கக்கும். முதல் குண்டு பாய்ந்ததும் கண்முன் புகைமூட்டம், அடுத்த இலக்கு தெரியாது. புகை குறைந்த புது மருந்துகள் 19-ம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்தன. ஆனா அதில் அளவு தப்பினால் துப்பாக்கியே வெடிக்கலாம்.

சோக்: குழலின் வாயை லேசாகக் குறுக்குவது. ஹோஸ் பைப் நுனியை விரலால் அழுத்தினால் தண்ணீர் ஒடுங்கித் தூரமாகப் பாயுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. 1870-களில் பரவிய உத்தி இது. சோக் இல்லாத குழலில், சுமார் 36 மீட்டர் தூரத்தில் 76 செ.மீ. வட்டத்துக்குள் ஏறக்குறைய 40 சதவீத குண்டுகள் விழும். ஃபுல் சோக் என்றால் சுமார் 70 சதவீதம். கிட்டத்தில் திடீரென எழும் காடைக்கு அகலமாகச் சிதறுவது நல்லது. தூரத்தில் நிற்கும் பறவைக்கு ஒடுக்கமாகப் போக வேண்டும்.

லண்டனில் என்ன நடந்தது?

இப்போ அந்தப் புறாக்களுக்கு வருவோம். லண்டனின் துப்பாக்கித் தயாரிப்பாளர் சார்லஸ் லங்காஸ்டர், ஆனி சுடுவதைக் கவனித்தார். 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள அமெரிக்கத் துப்பாக்கி, அந்தச் சின்ன உடம்புக்கு செட் ஆகவில்லை. அந்தப் புறாக்களோ மின்னல் வேகம். துப்பாக்கியைத் திருப்புவதற்குள் அவை போய்விட்டன. ஆனியின் உடலளவுக்கு ஏற்ற எடை குறைந்த துப்பாக்கிகளை லங்காஸ்டர் செய்து கொடுத்தார், பயிற்சியும் தந்தார். அதன் பிறகு குறி பழையபடி திரும்பியது.

உலகமே பாராட்டும் உச்சத்தில், தன் கருவி தப்பு என்று ஒப்புக்கொண்டு முதலிலிருந்து கற்றுக்கொள்வது லேசான காரியம் இல்லை.

மருந்திலும் அதே பிடிவாதம். 1889-ல் பாரிஸ் பயணம். பிரான்ஸில் வெடிமருந்து அரசின் ஏகபோகம், வெளியிலிருந்து கொண்டுபோகத் தடை. தனக்குப் பழகிய ஷூல்ட்ஸே மருந்தை ரப்பர் வெந்நீர்ப் பைகளில் நிரப்பி, பாவாடைக்குள் மறைத்துக் கடத்தினார் என்று ஒரு கதை உண்டு. அந்த அனுபவங்களின் தொடர்ச்சியாக, தான் பயன்படுத்திய மருந்துகளைப் பற்றி 1914-ல் ஒரு சிறு நூலும் எழுதினார். வெளியிட்டது டூபான்ட் வெடிமருந்து நிறுவனம். அதனால் அதில் விளம்பர வாசனையும் உண்டு!

பத்திரிகைகளை எதிர்த்து 55 வழக்குகள்

1903-ல் போதைக்காகத் திருடிப் பிடிபட்டார் ஆனி ஓக்லி என்று சிகாகோவில் ஒரு செய்தி வெளியானது. உண்மையில் பிடிபட்டவர் அவர் பெயரைச் சொல்லிக்கொண்ட வேறொரு பெண். யாரும் சரிபார்க்கவில்லை. நாடு முழுக்கப் பத்திரிகைகள் அப்படியே எடுத்துப் போட்டன, இன்றைய ஃபார்வர்டு மெசேஜ் போல.

ஆனி 55 பத்திரிகைகள் மீது வழக்குப் போட்டார். ஊர் ஊராகப் போய் சாட்சி சொன்னார். 1910 வரை இழுத்த போராட்டத்தில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வென்றார் அல்லது இழப்பீடு பெற்றார். கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை, செலவுதான் அதிகம். வறுமையிலிருந்து அவரைத் தூக்கிவிட்டது அந்தப் பெயர்தான். அதைக் காப்பாற்றத்தான் அத்தனை ஆண்டுகள்.

கடைசி நாட்கள்

1901 ரயில் விபத்தில் காயமடைந்தும் சுடுவதை விடவில்லை. ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார். 1922 கார் விபத்துக்குப் பின் காலில் இரும்புத் தாங்கியோடு மீண்டும் களத்தில் நின்றார். 1926 நவம்பர் 3-ல் கிரீன்வில்லில் இறந்தார். 18 நாள் கழித்து பட்லரும் போய்விட்டார்.

அவர் காடு இப்போது எப்படி இருக்கிறது?

ஆனியைப் போல ஆயிரக்கணக்கானோர் விற்பனைக்காக வேட்டையாடினார்கள், காடுகளும் அழிந்தன. விளைவு, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒஹையோவில் காட்டு வான்கோழி இல்லாமல் போனது. ஒரு குடும்பத்தின் கடனை அடைத்த தொழில்தான், ஆனால் காடு கொடுத்த விலையும் பெரிது. 1950-களில் வான்கோழிகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று குறிப்பிட்ட சீசனில், அனுமதி பெற்று, எண்ணிக்கை வரம்போடு மட்டுமே அங்கே வேட்டை.

அந்த வேட்டைக்காரர்களுக்கும் ஆனியின் பழைய கேள்விதான். வான்கோழியின் உடம்பை அடர்ந்த இறகும் தசையும் மூடியிருப்பதால், இலக்கு அதன் தலையும் கழுத்தும்தான். எனவே 4, 5, 6-ம் எண் ஈயக் குண்டுகளும் ஒடுங்கிய சோக்கும் வழக்கம். ஈயத்தைவிட அடர்த்தியான டங்ஸ்டன் என்றால் 9-ம் எண் சின்னக் குண்டே போதும். ஆனால் ஒரே தோட்டா ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஒவ்வொரு விதமாகச் சிதறும். அதனால் சீசனுக்கு முன்பே காகிதத்தில் சுட்டு, எத்தனை மீட்டர் வரை குண்டுகள் நெருக்கமாக விழுகின்றன என்று எண்ணிப் பார்ப்பார்கள். அந்தத் தூரத்துக்கு அப்பால் பறவை நின்றால் சுடக் கூடாது. சுட்டால் அது சாகாமல் காயத்தோடு ஓடி, எங்கோ துடிக்கும்.

விசையை அழுத்துவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். ஒஹையோ காட்டில் பசியோடு மருந்தை அளந்த சிறுமிக்கு அது தெரிந்திருந்தது.