செசியில் தொடங்கிய கரிவர்தன்

நுவரெலியா மகாகஸ்தோட்டையில் 1934 முதல் மலையேற்றக் கார்ப் பந்தயம் நடந்து வருகிறது. பட்டிப்பொலயிலோ ஹட்டனிலோ பழைய காரொன்றைப் பந்தயத்துக்குத் தயார்படுத்த நினைக்கும் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய பெயர், சுந்தரம் கரிவர்தன்.

1954இல் பிறந்த இவர், கோயம்புத்தூர் லக்ஷ்மி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் ஓடினார். வெளிநாட்டுப் பந்தயக் கார்கள் சாதாரணமானவர்களுக்கு எட்டாதிருந்த காலம் அது. 1980களின் இறுதியில் அவர் போர்முலா மாருதியை உருவாக்கினார். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த செசி. அதில் மாருதி 800இன் 796 சிசி எஞ்சின்.

செசி முறுகினால், எவ்வளவு விலைகொடுத்து ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் பூட்டினாலும் வளைவில் டயர் தரையைச் சரியாகப் பிடிக்காது. முதலில் உறுதியான செசி, பிறகு அதன் எடைக்கேற்ற ஸ்பிரிங், கடைசியில்தான் எஞ்சின். சிறிய எஞ்சினே போதும் என்பதை அந்தக் கார் காட்டியது. நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் அதைத்தான். 2005இல் அவர் போர்முலா 1 வரை சென்றார்.

அதைப் பார்க்கக் கரிவர்தன் இருக்கவில்லை. 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையம் பந்தயத்திடல் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்ததை நாம் அறிவோம். கையில் இருப்பதைக் கொண்டு செய்யும் வித்தை நமக்குப் புதிதல்ல.