எல்லாப்பிரகடா சுப்பாராவ்: வாரம் ஒருமுறை உண்ணும் மாத்திரையின் வரலாறு

காலையில் விரல்களை மடக்க இயலாத முடக்குவாத நோயாளிகள் அடி அண்ணாமலையிலிருந்தும் கிரிவலப் பாதையின் பிற பகுதிகளிலிருந்தும் எம்மிடம் வருகின்றனர். உங்களுக்கோ உங்கள் இல்லத்தாருக்கோ மெத்தோட்ரெக்சேட் மாத்திரை அளிக்கப்பட்டிருந்தால், அதன் பின்னுள்ள மனிதரை அறிந்துகொள்ளுங்கள்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895 சனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். இளமையிலேயே உடன்பிறந்தார் இருவரை நோய்க்குப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது கதராடை உடுத்தியமை ஆங்கிலப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை; எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆய்வு செய்தார். 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கு அவர் வழிநடத்திய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அதன் செயலைத் தடுக்கும் மருந்துகளையும் அக்குழுவே படைத்தது. அவற்றுள் ஒன்றே மெத்தோட்ரெக்சேட். தாயகம் திரும்பாமலேயே 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில் மறைந்தார்.

இம்மருந்து முடக்குவாதத்திற்கு எவ்வாறு உதவுகிறது? நம் உடலில் பணி முடிந்த வெள்ளணுக்கள் தாமாகவே இறந்துபட வேண்டும். இதனைத் திட்டமிட்ட உயிரணு இறப்பு என்பர். சொந்த உடலையே பகையெனக் கருதும் அணுக்களும் இவ்வாறே அகற்றப்படுகின்றன. அவை இறவாது எஞ்சுவது தன்னுடல் தாக்கு நோய்களுக்கு ஒரு காரணம். தூண்டப்பெற்ற அத்தகைய அணுக்களை இறப்பின் வழிக்குத் திருப்புவது மெத்தோட்ரெக்சேட்டின் செயல்களுள் ஒன்றாகும். புற்றுநோய்க்கெனப் பிறந்த மருந்து இது. முடக்குவாதத்திற்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் 1988இல்தான் கிடைத்தது. அதைக் காண சுப்பாராவ் இல்லை.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். முடக்குவாதத்திற்கு இம்மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான். நாள்தோறும் உண்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிருக்கே இடர் நேரலாம். கிழமையை அட்டையின்மீது எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டார் ஒருவரே எடுத்துக் கொடுப்பது நன்று. மருத்துவர் சொல்லும் வேறு நாளில் ஃபோலிக் அமில மாத்திரையும் உண்ண வேண்டும். அதுவும் சுப்பாராவின் ஆய்வகம் தந்ததே! கருவுற்றோர் மெத்தோட்ரெக்சேட் உண்ணலாகாது; குழந்தைப்பேறு விரும்புவோர், ஆணாயினும் பெண்ணாயினும், முன்னரே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மது அருந்தாதீர்கள். இரத்த அணு, கல்லீரல் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல் தோன்றினால் அடுத்த வேளை மாத்திரையை உண்ணாமல், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.