எம்மி நோய்தர்

எம்மி நோய்தர் (மார்ச் 23, 1882 – ஏப்ரல் 14, 1935) ஜெர்மனியில் பிறந்த கணிதவியலாளர். நுண்புல இயற்கணிதத்திற்கு இன்றைய வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர். இயற்பியலாளர்கள் இவரை, சமச்சீர்மைக்கும் அழிவின்மை விதிகளுக்கும் உள்ள தொடர்பைக் கூறும் 1918 ஆம் ஆண்டுத் தேற்றத்தால் அறிவர். ஆயினும் இவர் ஆய்வைத் தொடங்கியது மாறாக்கோவைக் கோட்பாட்டில்தான்.

இளமையும் கல்வியும்

எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை மாக்ஸ் நோய்தர் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். 1900 இல் பெண்கள் பள்ளிகளில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்பிப்பதற்கான தேர்வில் தேறியும், அப்பணியை ஏற்காமல் கணித வகுப்புகளுக்குச் சென்றார். எர்லாங்கனில் 1904 இல்தான் முறைப்படி மாணவராகப் பதிந்தார். அதுவரை ஆசிரியரின் இசைவு பெற்று அமர்ந்து கேட்கலாம், அவ்வளவே.

331 கோவைகள்

இருபடிக் கோவையொன்றில் மாறியுடன் ஓர் எண்ணைக் கூட்டி எழுதினால் கெழுக்கள் மாறும். பள்ளியில் பயிலும் தன்மைகாட்டி மாறாது. இவ்வாறு ஒரு குலத்தின் உருமாற்றங்கள் அனைத்திலும் மாறாதிருக்கும் கோவையே மாறாக்கோவை. இவை எண்ணற்றவை. முடிவுள்ள சிலவற்றிலிருந்து எஞ்சிய அனைத்தையும் ஆக்க முடியுமா என்பதே இத்துறையின் அடிப்படை வினா. இரு மாறிக் கோவைகளுக்கு முடியும் என்பதை 1868 இல் பவுல் கோர்டன் நீண்ட கணக்கீட்டால் காட்டினார். 1890 இல் ஹில்பர்ட், எதையும் பட்டியலிடாமலே பொதுவாக நிறுவினார்.

நோய்தரின் நெறியாளர் கோர்டனே. 1907 இல் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேட்டில், மூன்று மாறிகளின் நாற்படிக் கோவையோடு தொடர்புடைய 331 கோவைகளைப் பட்டியலிட்டார். பின்னாளில் அவ்வேட்டைத் தாமே இழிவாகப் பேசினார். அது சற்று மிகையான தீர்ப்பு. இத்தகைய பட்டியல் கையால் செய்யப்பட்டது என்பதை நினைக்க வேண்டும்.

கோட்டிங்கன்

எர்லாங்கனில் 1908 முதல் 1915 வரை ஊதியமின்றிப் பணியாற்றினார். பின்னர் ஹில்பர்ட்டும் கிளைனும் கோட்டிங்கனுக்கு அழைத்தனர். பெண் என்பதால் விரிவுரையாளர் உரிமை மறுக்கப்பட்டது; அவரது வகுப்புகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன. 1919 இல்தான் உரிமை கிடைத்தது.

எல்லாக் களங்களுக்கும்

முடிவுறு குலமொன்றின் மாறாக்கோவைகளை ஆக்க, குல உறுப்புகளின் எண்ணிக்கையைத் தாண்டாத படியுடையவை போதும் என்று 1916 இல் வெளியான கட்டுரையில் காட்டினார். அந்நிறுவலில் அவ்வெண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மெய்யெண்களில் இது இடரில்லை. இரண்டே உறுப்புகள் கொண்ட களத்திலோ 1 + 1 = 0; அங்கே இரண்டால் வகுப்பது சுழியால் வகுப்பதாகும்.

1926 இல் இத்தடையை நீக்கினார். ஒரு மாறியின் உருமாற்றங்கள் அனைத்தையும் மூலங்களாகக் கொண்டு ஒரு சமன்பாடு அமைத்தால், அதன் கெழுக்கள் மாறாக்கோவைகள் ஆகின்றன. எல்லா மாறிகளுக்கும் சேர்த்து இக்கெழுக்கள் முடிவுள்ளவை. இவற்றால் ஆகும் வளையத்தின் மீது முடிவுள்ள சில மாறாக்கோவைகளே எஞ்சியவற்றைத் தருகின்றன என்பது, 1921 இல் அவரே வளையங்களுக்கு மையமாக்கிய ஏறுவரிசை நிபந்தனையிலிருந்து கிடைக்கிறது. வகுத்தல் எங்கும் இல்லை. எனவே எந்தக் களத்திற்கும் பொருந்தும்.

ஆனால் படியின் வரம்பு தப்புவதில்லை. மேற்கண்ட களத்தில் மூன்று சோடி மாறிகளை ஒருசேர இடம் மாற்றும் குலத்திற்கு உறுப்புகள் இரண்டே. முப்படி மாறாக்கோவை ஒன்று இன்றியமையாதது.

பதவி நீக்கமும் மறைவும்

1932 இல் சூரிக் அனைத்துலகக் கணித மாநாட்டில் பேருரை ஆற்றினார். மறு ஆண்டே, யூதர் என்பதால் நாட்சி அரசு பணிநீக்கியது. அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரிக்குச் சென்றார். 1935 இல் கட்டி அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாட்களில், 53 ஆம் வயதில் காலமானார். அதே ஆட்சியில் வெளியேறி சோவியத் ஒன்றியம் சென்ற தம்பி ஃபிரிட்ஸ், 1941 இல் அங்கு சுட்டுக் கொல்லப்பட்டார்.

பின்னர்

முடிவுறாத குலங்களில் இவ்வினாவின் விடை எப்போதும் ஆம் அல்ல என்பதை நகாட்டா 1950களின் இறுதியில் எடுத்துக்காட்டால் நிறுவினார். செந்நெறிக் குலங்களை உள்ளடக்கிய வகைக்கு, எந்தக் களத்திலும் விடை ஆம் என்பது 1975 இல் ஹபூஷின் தேற்றத்தால் உறுதியானது. 1977 இல் இதைக் களங்களிலிருந்து வளையங்களுக்கு விரித்தவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி.