பூமிக்குள் இருப்பதைக் கணித்த மேற்றிராணியார்



கிணறு வெட்டுகிற இடத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு மண், அதன் கீழே களி, அதற்கும் கீழே மணல் என்று அடுக்கடுக்காய் வரும். பக்கத்துக் கொல்லையில் வெட்டினாலும் ஏறக்குறைய அதே வரிசைதான் வரும் என்று நம்பி வேலையைத் தொடங்குகிறோம். இந்த நம்பிக்கைக்கு நியாயத்தை முதன்முதலில் தெளிவாய் எழுதி வைத்தவர், பின்னாளில் கத்தோலிக்க மேற்றிராணியாரான நிக்கோலாஸ் ஸ்டேனோ.

இவர் 1638-ம் ஆண்டில், டென்மார்க் தேசத்துக் கோபன்ஹேகன் நகரில், லுத்தர் சபையைச் சேர்ந்த ஒரு பொற்கொல்லரின் மகனாய்ப் பிறந்தார். வைத்தியம் படித்தார். காதருகே ஊறும் உமிழ்நீரை வாய்க்குக் கொண்டுவரும் குழாயை 1660-ல் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். வைத்தியர்கள் இன்றும் அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

1666-ல் இத்தாலியில் லிவோர்னோ அருகே பெரிய சுறா ஒன்று பிடிபட்டது. பிளாரன்ஸ் பிரபு அதன் தலையை ஸ்டேனோவிடம் அனுப்பினார். அதன் பற்களைக் கண்டதும் அவருக்கு ஒன்று உறைத்தது. மலைப் பாறைகளுக்குள் கிடைத்து வந்த ‘நாக்குக் கற்கள்’ அச்சாய் இப்படியேதான் இருந்தன! வானத்திலிருந்து விழுந்தவை என்றுகூட அவற்றைச் சொல்லி வந்தார்கள். அவை சுறாப் பற்களேயானால், கெட்டியான பாறைக்குள் கெட்டியான பல் நுழைந்தது எப்படி?

பல் விழுந்த காலத்தில் பாறை பாறையாயில்லை, நீரில் படிந்துகொண்டிருந்த சேறாயிருந்தது என்பதே அவர் கண்ட விடை. 1669-ல் அதைச் சிறு நூலாக வெளியிட்டார். கீழ் அடுக்கு முந்தியது, மேல் அடுக்கு பிந்தியது. படியும்போது அடுக்கு மட்டமாகப் படியும். தடை ஏதும் வராதவரை பக்கவாட்டில் தொடர்ந்து போகும். இன்று ஓர் அடுக்கு சாய்ந்தோ முறிந்தோ கிடந்தால், படிந்த பிறகு அதற்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. டஸ்கனி நாட்டின் நிலம் மட்டமாயிருந்ததும், உள்ளே குடைபட்டதும், மேற்பரப்பு இடிந்து சரிந்ததுமாக ஆறு படங்கள் வரைந்து காட்டினார். உலகத்தின் வயதை மட்டும் சில ஆயிரம் ஆண்டுகளென்றே எண்ணினார். அதில் தவறிவிட்டார்.

பூமிக்குள் எண்ணெய் ஏரிபோல் தேங்கி நிற்கிறதென்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நனைந்த மணலில் நீர் நிற்பதுபோல், மணற்பாறையின் நுண்ணிய துளைகளில் அது ஊறி நிற்கிறது. இறுகிய களிப்பாறை ஒன்று மேலே மூடியிருப்பதால் தப்பிப் போகாமலிருக்கிறது. நிலத்தடி நீரும் பல இடங்களில் இப்படியே. இவற்றைத் தேடுகிற பொறியாளர் கையில் இருப்பது தூரதூரமாய்த் துளைத்த சில துளைகளும், அதிர்வலைகளை அனுப்பி எடுத்த படங்களுமே. இடைப்பட்டதை எவரும் கண்டதில்லை. ஆகவே ஒரு துளையில் கண்ட அடுக்கை அடுத்த துளையில் கண்டதோடு இணைக்கிறார்கள். இணையாவிட்டால், நடுவே நிலம் பிளந்து விலகியிருக்கலாமென்று சந்தேகிக்கிறார்கள். சாய்ந்த அடுக்குகளை மறுபடி மட்டமாக்கிப் பழைய நிலையையும் கணிக்கிறார்கள். பிறகே, எவ்விடத்தில் எவ்வளவு துளை, நீரும் எண்ணெயும் எவ்வளவு எளிதில் ஓடும் என்பவற்றைக் கணிப்பொறியில் கட்டம் கட்டமாய் நிரப்பி முழு மாதிரியை உருவாக்குகிறார்கள். அடுக்கை இணைத்ததில் பிழை வந்தால், கோடிக்கணக்கில் செலவிட்ட கிணறு வறண்டு போகும். கணிப்பொறி ஸ்டேனோ அறியாதது. அடுக்கை இணைக்கும் விதியோ அவருடையது.

அதே 1666-ல் லிவோர்னோவில் தேவ நற்கருணைப் பவனியைக் கண்டார். அது வெறும் அப்பமானால் இந்த ஜனங்கள் பைத்தியக்காரர்கள், ஆண்டவரேயானால் நான் ஏன் வணங்காமல் நிற்கிறேன் என்ற கேள்வி அவரை விடவில்லை. மறு வருஷமே திருச்சபையில் சேர்ந்தார். 1675-ல் குருவானார். 1677-ல் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்று வட ஜெர்மனிக்குப் போனார். பெரிய சாஸ்திரி சாதாரண வேதசாஸ்திரியாகிவிட்டாரென்று தத்துவ ஞானி லைப்னிட்ஸ் குறைப்பட்டார். அந்தச் சிறு நூல் ஒரு பெரிய நூலுக்கு முன்னுரையாகவே எழுதப்பட்டது. பெரிய நூல் வரவேயில்லை. குருவாகிய எனக்கும் அதில் சற்று வருத்தந்தான். ஆனால் அங்கே சிதறிக் கிடந்த கத்தோலிக்கருக்கு ஆயர் வேண்டியிருந்தது.

மோதிரத்தையும் சிலுவையையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். 1686-ல் ஷ்வெரின் நகரில் கடும் வயிற்று வேதனையோடு, 48 வயதில் இறந்தார். சரீரம் பிளாரன்ஸுக்குக் கொண்டுவரப்பட்டு சான் லொரென்சோ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1988-ல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். அவர் திருநாள் டிசம்பர் 5.