ஆமணக்கு நஞ்சு காட்டிய சீம்பால் பாடம்

நெம்மேலி, மாமல்லபுரம் பகுதியில் வேலியோரங்களில் ஆமணக்கும் குன்றிமணிக் கொடியும் யாரும் விதைக்காமலே வளர்கின்றன. இரண்டின் விதையும் ஆடு, மாடுகளுக்கு ஆகாது என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் தோலுக்காக மாடுகளைக் கொன்றவர்கள், குன்றிமணியை அரைத்து முள் போல உருட்டிக் காயவைத்து மாட்டின் உடலில் குத்திய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. இதே இரண்டு விதைகளின் நஞ்சை வைத்து, உடலில் நோய் எதிர்ப்புச் சக்தி எப்படி உண்டாகிறது, அது தாயிடமிருந்து குட்டிக்கு எப்படிப் போகிறது என்று ஆராய்ந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் பவுல் எர்லிக்.

1854 மார்ச் 14-ல், இன்று போலந்தில் இருக்கும் ஸ்ட்ரெலன் என்ற சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் படிக்கும்போதே அவருடைய கவனமெல்லாம் சாயங்களின் மேல்தான். ஒரு சாயம் உடலின் ஒரு பகுதியை மட்டும் பற்றி, அடுத்ததை விட்டுவிடுவது ஏன் என்ற கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை. 1878-ல் பட்டம் பெற்று பெர்லின் மருத்துவமனையில் சேர்ந்தார். ரத்த அணுக்களைச் சாயமேற்றி வகை பிரித்தார். 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்ததும், அந்தக் கிருமியைத் தெளிவாகக் காட்டும் சாய முறையை எர்லிக் உருவாக்கினார்.

பிறகு காசநோய் அவரையே பிடித்தது. எகிப்து சென்று உடல் தேறி, 1889-ல் ஊர் திரும்பியபோது கையில் வேலை இல்லை. பெர்லினில் சொந்தமாகச் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை வைத்துக்கொண்டார். அங்கேதான் ஆமணக்கு வந்து சேர்ந்தது.

சுண்டெலிகளுக்கு நஞ்சு

ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்ற புரத நஞ்சை 1888-ல் ஸ்டில்மார்க் என்ற ஆய்வாளர் பிரித்தெடுத்திருந்தார். குன்றிமணியில் இருப்பது அப்ரின். அதுவும் இதே வகை நஞ்சு. எர்லிக் ரிசினை மிகச் சிறிய அளவில் தீனியில் கலந்து சுண்டெலிகளுக்குக் கொடுத்து, அளவை மெல்ல மெல்லக் கூட்டினார். சில நாட்களில் அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. சாதாரண எலியைக் கொல்லும் அளவைப்போலப் பல மடங்கு கொடுத்தும் அவை பிழைத்தன. ஆனால் ரிசினைத் தாங்கிய எலி அப்ரினுக்கு இறந்தது. அப்ரினைத் தாங்கியது ரிசினுக்கு இறந்தது. ஒவ்வொரு நஞ்சுக்கும் உடல் தனித்தனி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது என்பதை 1891-ல் இப்படிக் காட்டினார். ஒரு நோய்க்குப் போட்ட தடுப்பூசி இன்னொரு நோயைத் தடுக்காததற்கும் அடிப்படை இதுவே.

1892-ல் வெளியிட்ட ஆய்வு மாடு வளர்ப்போருக்கு இன்னும் நெருக்கமானது. எதிர்ப்புச் சக்தி பெற்ற தாய் எலியிடம் சாதாரண எலியின் குட்டிகளைப் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளும் நஞ்சைத் தாங்கின. தந்தைக்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி இருந்தால் குட்டிக்கு எதுவும் வரவில்லை. பாதுகாப்பு தாயின் பால் வழியாகவும் போகிறது என்பது உறுதியானது.

பின்னர் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த தொண்டை அடைப்பான் நோய்ச் சீரத்தின் வீரியத்தை அளந்து தரப்படுத்தும் முறையை வகுத்தார். 1908-ல் நோபல் பரிசை மெச்னிகாஃபுடன் பகிர்ந்துகொண்டார். ஜப்பானியரான ஹாட்டாவுடன் சேர்ந்து, 606 என்ற எண்ணிட்ட மருந்து மேகநோயைக் குணப்படுத்தும் எனக் கண்டு, 1910-ல் அது விற்பனைக்கு வந்தது. 1915 ஆகஸ்ட் 20-ல் காலமானார்.

நம் கொட்டகையில்

எர்லிக் கையாண்ட நஞ்சு இன்று நம் வீட்டில் மூட்டையாக இருக்கிறது. ஆமணக்கு எண்ணெயில் ரிசின் சேர்வதில்லை, பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. எனவே ஆமணக்குப் பிண்ணாக்கு எரு மட்டுமே, தீவனம் அல்ல. கடலைப் பிண்ணாக்கு, எள்ளுப் பிண்ணாக்கு மூட்டைகளோடு அதை வைக்கக் கூடாது. மூட்டை மேல் பெரிதாக எழுதி, தனி அறையில் பூட்டி வையுங்கள். அதை அள்ளிய கூடை, முறத்தைத் தீவனத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். வயலில் இட்டதும் மண்ணோடு கலந்துவிடுங்கள். சூடு ரிசினை அழிக்கும் என்றாலும், வீட்டு அடுப்பில் வேகவைத்தது முழுதும் பாதுகாப்பானது என்று நம்ப முடியாது. எலிகளுக்குச் செய்ததைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாம் என்று மாட்டிடம் ஒருபோதும் முயலக் கூடாது.

நஞ்சின் அறிகுறி உடனே தெரியாது. சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் கழித்துத் தீவனம் எடுக்காமை, அசைபோடாமை, நாற்றமுள்ள கழிச்சல், சில சமயம் ரத்தம் கலந்த கழிச்சல், சோர்வு ஆகியவை வரும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. சந்தேகம் வந்ததும் தீவனத்தை நிறுத்தி, குடிக்கத் தண்ணீர் வையுங்கள். தின்ற தீவனத்தில் ஒரு கைப்பிடியை எடுத்து வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸையும் அழைக்கலாம். சோர்ந்து கிடக்கும் மாட்டின் வாயில் எண்ணெய், கஷாயம் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

அடுத்தது சீம்பால். எலிக்கும் மனிதருக்கும் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு கருவிலேயே கிடைத்துவிடும். மாடு, ஆடுகளில் அப்படி இல்லை; கன்றுக்குச் சீம்பால் ஒன்றே வழி. அதை உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆனாலும் பல வீடுகளில் நஞ்சுக்கொடி விழும்வரை கன்றைப் பால் குடிக்க விடுவதில்லை. அது விழப் பல மணி நேரம் ஆகலாம். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டத் தொடங்கி, முதல் நாளில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், மூன்று நான்கு முறையாக. அக்கம்பக்கத்துக்கும் பலகாரத்துக்கும் கொடுப்பது, கன்று வயிறு நிறையக் குடித்து மிஞ்சினால் மட்டுமே.